ரெண்டாம் பக்கத்து மூணு தட்டு

அன்பு மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதினது. நானும் அம்மாவும் சுகம். கடிதம்னா முதல் வரியில எழுதியே ஆகணும்னு எழுதுற சுகம் இல்ல கண்ணு, நேத்து சாயங்காலத்துல இருந்து நிஜமாவே வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கிற சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதே மாதிரி இருக்கணும். கையெழுத்து முத்து முத்தா இருக்கேன்னு ஏமாந்துடாதே, எனக்கு எழுத்துன்னா லாரி நம்பர் மட்டும்தான் தெரியும்னு உனக்கே தெரியும், எழுதுறது நம்ம மாடி வீட்டுத் தையல்காரர், அவர் கடையில பட்டன் டப்பாவுக்கு நடுவுல இடம் ஒதுக்கி உட்கார்ந்து சொல்லிட்டிருக்கேன். போன்ல சொன்னா ஆகாதான்னு கேட்பே. நம்ம போன் அம்மா நாற்காலி பக்கத்துல இருக்கு, அவளுக்கு இப்போ காது நல்லா கேட்குது, அதனால அங்க பேச வழியில்ல. இங்க இருந்து பேசலாம்னா உன் குரலைக் கேட்டதுமே நான் அழுதுடுவேன், அப்புறம் அழுதது நீயா நானான்னு தெரியாது.

காது கேட்குதுன்னா எப்போ கேட்காம போச்சுன்னு திகைக்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன தடவை பேசும்போது நீ கேட்டே, அம்மாவுக்கு என் மேல இன்னும் கோபம் ஆறலையாப்பா, வேலைக்குன்னு இவ்வளவு தூரம் வந்தது அவ்வளவு பெரிய குத்தமா, ஏன் போனுக்கே வரமாட்டேங்கிறான்னு. குளிக்கிறா, தூங்குறா, கடைக்குப் போயிருக்கான்னு நான் மழுப்பினேன். கோபமும் இல்ல மண்ணும் இல்ல. அவளுக்கு நீ பேசுறது கேட்கல, அவ்வளவுதான். உனக்குத் தெரிஞ்சா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு என் கையைத் தன் தலையில வச்சு சத்தியம் வாங்கிட்டா. நீ போறேன்னு சொன்னப்போ அவ போட்ட சண்டையை நினைச்சுட்டு நீ அங்க குமுறிட்டு இருந்தே, போன் மணி அடிக்கிறதே தெரியாம அவ இங்க சுவரைப் பார்த்துட்டு இருந்தா, நடுவுல மாட்டின எலி மாதிரி நான்.

முதல்ல கண்டுபிடிச்சது டாக்டர் இல்ல, உன் ரெக்கார்டுதான். நீ படிக்கிற காலத்துல கொண்டு வந்தியே, இருட்டு மேடையில நாலு பேர் நிக்கிற படம் போட்ட அட்டை, அந்த மேடைக் கச்சேரி. முதல் நாள் கேட்டுட்டு, என்னம்மா இது, சைலன்சர் கழண்ட வண்டியை மேட்டுல ஏத்துற மாதிரி இருக்குன்னு நான் கேலி பண்ணேன். அப்புறம் அதே ரெக்கார்டை வேலை முடிஞ்சு கிரீஸ் கையைக் கழுவுறதுக்கு முன்னாடி போடச் சொன்னவனும் நான்தான். பாஷை ஒரு வார்த்தை புரியாது. ஆனா அந்தப் பாடகன் அழுகையை வச்சுட்டு மூலையில உட்காரல கண்ணு, அழுதுட்டே காலையில எழுந்து வேலைக்கு நடந்து போறான், தாளம் அப்படித்தான் நடக்குது. கிட்டார்காரன் ஒண்ணு கேட்பான், மவுத் ஆர்கன்காரன் பதில் சொல்வான், பதில் பிடிக்கலன்னா திரும்பவும் கேட்பான், நம்ம வீட்டு சண்டை மாதிரியே இருக்கும். மத்த ரெக்கார்டெல்லாம் அறையைப் பூட்டிட்டுப் பாடினது, குளிச்சு பவுடர் போட்டுட்டு வந்து நிக்கும். இதுல ஒருத்தன் இருமுறான், எங்கேயோ பாட்டில் உருளுது, கூட்டத்துல ஒருத்தி சிரிக்கிறா, கிட்டார்ல ஒரு கம்பி தளர்ந்து போய் அவன் பாடிட்டே முறுக்கிக்கிறான், எதையும் வெட்டி எறியல. யாரோ எந்த ஊர்லயோ ஒரு ராத்திரி உட்கார்ந்து கேட்டாங்க, அந்தக் கூட்டத்துல நமக்கும் ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. அதுக்குத்தான் எனக்கு அது மேல அவ்வளவு பைத்தியம்.

ரெண்டாம் பக்கத்துல அந்த மூணு தட்டு ஞாபகம் இருக்கா? நீளப் பாட்டு நடுவுல எல்லாரும் கையை நிறுத்திடுவாங்க, கூட்டமும் மூச்சைப் பிடிச்சுக்கும், அப்போ டிரம்ஸ்காரன் கட்டையால விளிம்புல டக் டக் டக்குன்னு தட்டுவான். ஸ்பீக்கர் பெட்டி வாசக்கதவை ஒட்டி இருக்கிறதால அம்மா அத்தனை வருஷமும், யாரோ வந்திருக்காங்கன்னு எழுந்து போய்க் கதவைத் திறப்பா. யாரும் இருக்க மாட்டாங்க. பாட்டுச் சத்தம் பொறுக்காம மாடித் தையல்காரர் தட்டிட்டு, முகத்தைக் காட்டத் தைரியம் இல்லாம ஓடிடுறாருன்னு தீர்ப்பும் சொல்லிட்டா. நீயும் நானும் தலையணையை வாயில அடைச்சுட்டு சிரிச்சோமே தவிர, உண்மையை ஒருத்தரும் சொல்லல. இதை எழுதும்போது தையல்காரர் பேனாவைக் கீழே வச்சுட்டார். அதனாலதான் உங்க வீட்டம்மா என்னைப் படியில பார்த்தா கடுகு வெடிக்கிற மாதிரி பார்க்கிறாங்களா, என்ன பாவம் பண்ணோம்னு நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேனேன்னு கேட்கிறார். டீ வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்ணிட்டேன், மேல எழுதுறார்.

போன குளிர்காலத்துல ஒரு நாள் அந்த ரெக்கார்டு ஓடுது, அம்மா துணி மடிச்சுட்டு இருந்தா. டக் டக் டக் வந்துச்சு. அவ எழுந்திருக்கல. அடுத்த துணியை எடுத்து உதறினா. அப்புறம்தான் மத்ததெல்லாம் புரிஞ்சுது, நான் ஒண்ணு கேட்டா அவ ஒண்ணு சொன்னது, என் வாயையே பார்த்துட்டு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிக் கூண்டுல உட்கார வச்சு, சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்கன்னு சொன்னாங்க, இவ சத்தம் வந்தாலும் அமுக்குறா வராட்டியும் அமுக்குறா. இது பரீட்சை இல்லம்மா, பெயில் ஆக்க மாட்டோம்னு டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஒரு காதுல ஆபரேஷன் பண்ணி, இன்னொண்ணுல சின்ன மிஷின் வச்சு, கட்டும் பிரிச்சாச்சு. கேட்குதான்னு கேட்டா, நல்லா கேட்குதுங்கன்னு தலையை ஆட்டுறா. உன் அம்மா தலையாட்டலை நம்ப முடியுமா? டாக்டர் மனசு நோகக் கூடாதுன்னு ஆட்டுறவ, என் மனசு நோகக் கூடாதுன்னும் ஆட்டுவா. உனக்கு என்ன பதில் சொல்றதுன்னு நான் வெந்துட்டு இருந்தேன்.

நேத்துதான் புத்தி வந்துச்சு. எதுல வேணா அவ நடிக்கலாம், அந்த மூணு தட்டுல மட்டும் நடிக்க முடியாது, அது ரெக்கார்டுல இருக்குன்னே அவளுக்குத் தெரியாதே. முள்ளை ரெண்டாம் பக்கத்துல வச்சேன். சுத்துறதைப் பார்த்துட்டு, நல்ல பாட்டுன்னு சொல்லி தலையை ஆட்டினா, அதுல எனக்கு ஒரு நிம்மதியும் இல்ல. முதுகைக் காட்டிட்டு இஸ்திரி போட ஆரம்பிச்சா. நீளப் பாட்டு வந்துச்சு, கிட்டார் கேட்டான், மவுத் ஆர்கன் பதில் சொன்னான், இருமுறவன் இருமினான். என் நெஞ்சு டிரம்ஸை விட சத்தமா அடிக்குது. எல்லாரும் கையை நிறுத்தினாங்க. டக் டக் டக். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வச்சா. முந்தானையில கையைத் துடைச்சா. நேரா நடந்து போய்க் கதவைத் திறந்தா. இந்தப் பக்கம் பார்த்தா, அந்தப் பக்கம் பார்த்தா, மாடிப்படியை அண்ணாந்து பார்த்தா. திரும்பி வந்து, தட்டிட்டு ஓடுற வயசாங்க அந்த மனுஷனுக்கு, முட்டி வலின்னு வேற சொல்லிக்கிறாருன்னு ஒரு திட்டு திட்டினா பாரு, கண்ணு, அந்தத் திட்டு மாதிரி ஒரு பாட்டை எந்தக் கச்சேரியிலயும் நான் கேட்டதில்ல. கண்ணுல தூசின்னு சொல்லிட்டு நான் பின்கட்டுக்குப் போயிட்டேன்.

தையல்காரர் பெரிய மனசு பண்ணி, அந்தம்மா சந்தோஷத்துக்காக இன்னும் கொஞ்ச காலம் நானே குத்தவாளியா இருந்துட்டுப் போறேன், அதையும் எழுதிக்கிறேன்னு சொல்றார். நீயும் வாயைத் திறந்துடாதே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, முதல் மணியிலயே அம்மா எடுப்பா. ஆபரேஷனைப் பத்தி அவளே சொல்ற வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, ஏன் இத்தனை நாள் பேசலன்னும் கேட்காதே, குழந்தைக்குப் பல் முளைச்சதைச் சொல்லு, மீதியை அவ பேசுவா, நீ போனை வைக்க முடியாது. மாப்பிள்ளையை வண்டியில எண்ணெய் மாத்தச் சொல்லு, போன தடவை நீ போனை வண்டியில வச்சுப் பேசினப்போ இன்ஜின் சத்தம் எனக்குப் பிடிக்கல. ராத்திரி கண் முழிச்சு வேலை பார்க்காதே.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, கோபதாபம் இல்லாம நூறு வயசு இருக்கணும். லீவு கிடைச்சதும் வா. வர்ற நாளைச் சொல்லாதே, வாசல்ல பெல்லையும் அடிக்காதே. நான் ரெண்டாம் பக்கத்தைப் போட்டு வைக்கிறேன், நீ கதவை மூணு தட்டு தட்டு. இத்தனை வருஷமா திறந்து திறந்து ஏமாந்தவ, ஒரு தடவையாவது அங்க யாராவது நிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)