கல்யாணக்கால்

அண்ணே,

பலாங்கொடையில இருந்து நீங்க பஸ்ல கொண்டாந்த முள்ளுமுருங்கைக் கொப்புல இலையெல்லாம் புடைச்சிருக்கு, அது வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். "கல்யாணப் பொண்ணு வாயை மூடு"ன்னு அதட்டி, நம்ம லயத்து வீட்டு வாசல்ல அதையே கல்யாணக்காலா நட்டீங்க.

அது துளிர்த்துச்சு. அந்தப் புடைப்புக்குள்ள இருந்த சின்னக் குளவிப் பூச்சி இப்ப மலையில தேயிலைக்கு நிழலா நிக்கிற முள்ளுமுருங்கை மரம் பூராவும் பரவிருச்சு. இலை கொட்டி, மொட்டை வெயில்ல தேயிலை கருகுது, கொழுந்து பறிக்கிற நாங்களும் கருகுறோம். நோய் பிடிச்ச கொப்பையெல்லாம் வெட்டி எரிக்கச் சொல்லி தோட்டத்துல உத்தரவு போட்டுட்டாங்க.

நீங்க என்னடான்னா போன்ல, "கல்யாணக்காலைத் தொடாத, புருஷனுக்கு ஆகாது"ங்கிறீங்க.

நேத்தே பிடுங்கி எரிச்சுட்டேன். எந்தப் புருஷனுக்கு ஆகாது? தீபாவளிக்கு அப்புறம் இந்தப் பக்கமே வராதவருக்கா? அவரையும் நீங்கதான் கொண்டாந்தீங்க. அப்பவும் நான் வேணாம்னுதான் சொன்னேன்.

உங்க தங்கச்சி