நீங்கள் வராத அந்தக் காலை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

வேலை முடிந்து வந்ததும், அறையில் உள்ள மூன்று பேருக்கும் ஒரு பழைய நாவலை உரக்கப் படித்துக் காட்டுகிறேன். கதையைச் சொல்பவன் மகன். அவன் "நான், நான்" என்று சொல்லச் சொல்ல, அவனுடைய அப்பாவை எல்லோரும் திட்டித் தீர்த்தோம். நேற்று அவர்களில் வெல்டர் அண்ணன் மட்டும் சிரித்தார். "கதை முழுக்க இவன் பேச்சுதானேப்பா? அந்த அப்பனை எங்க வாயத் திறக்க விட்டான்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த வேலைக்கு நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று நீங்கள் பஸ் ஏற்றிவிட வரவில்லை என்று இவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இங்கே உங்களுக்குக் கல்நெஞ்சர் என்றே பெயர். "என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று முந்தின நாள் நான் கத்தியதை மட்டும் சொன்னதே இல்லை. இன்று காலை சொல்லிவிட்டேன்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒரே ஒரு உதவி அப்பா. அன்று காலை வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அதை அறையில் நான் படித்துக் காட்ட மாட்டேன். என் குரல் வேண்டாம், வெல்டர் அண்ணன் படிக்கட்டும்.

உங்கள் மகன்