எட்டு நிறத்தில் ஒரு கடலடி

நேற்று ரீவி திருத்தும் கடையில் பழைய பெட்டியொன்றைத் திறந்து சூடேற வைத்திருந்தார்கள். வெந்த தூசியின் அந்த மணம் முகத்தில் அடித்ததும், வந்த அலுவலை மறந்து வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ போய் இன்னும் ஆண்டுத் திவசம்கூட வரவில்லை.

துறைமுகக் கந்தோரின் வரைபடப் பிரிவுக்கு அந்த நிறத்திரை வந்தபோது நாம் இருவரும் இளம் பெண்கள். சூடேறியதும் அதுவும் இதே மாதிரித்தான் மணக்கும். அதுவரை பச்சை எழுத்தை மட்டும் காட்டிய கணினி, எட்டு நிறங்களில் கோடு கீறியது. எல்லையைக் குறித்துக் கொடுத்தால் உள்ளே நிறம் நிரப்பியது. அளந்த ஆழங்களை நீ தட்டத் தட்ட, கடலடி மஞ்சளும் பச்சையும் நீலமுமாய் எழும்பி வரும்.

"பாரடி, தண்ணியை வடிச்சுப்போட்டுப் பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்பாய்.

கரண்ட் போனால் படம் முழுக்க அழிந்துவிடும். சலிக்காமல் திரும்பவும் தொடங்குவாய்.

பிறகு நிலாவெளிக்கு அப்பால் உன் கணவரின் படகு கவிழ்ந்தது. கூடப் போன மைத்துனர் நீந்திக் கரை சேர்ந்தார். உன் கணவர் சேரவில்லை. தேடியவர்கள் கைவிட்ட அன்று, வாராத தலையோடு கந்தோருக்கு வந்து திரைக்கு முன்னால் இருந்தாய். படகு கவிழ்ந்த இடத்தைக் கீறினாய். பாறைகளுக்குச் சிவப்புக் கொடுத்தாய். அந்த மூலையைப் பெரிதாக்கியபோது, இரண்டு பாறைகளுக்கிடையே கருநீலமாய் ஒரு பள்ளம் தெரிந்தது.

"இதுக்குள்ள ஒருத்தரும் பாக்கேல்லை."

"நீரோட்டம் எங்க இழுத்ததோ தெரியாதே" என்றேன்.

"ஓம், அதை இதில பாக்க ஏலாது. பள்ளத்தைப் பாக்கலாம்தானே."

அதைக் கடதாசியில் பிரதிபண்ணிக்கொண்டு கரைக்குப் போனோம். மைத்துனர் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு அதே கடலில் மறுபடி படகை இறக்கினார். பொழுதுபட வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்டும் சொல்லாத. பக்கத்தில இரு" என்றாய்.

இருந்தேன். கடல் அவரைத் தரவேயில்லை. நீ வேலைக்குத் திரும்பினாய். ஓய்வு பெறும்வரை அதே பிரிவில்தான் இருந்தாய். நிலாவெளிப் பக்கத்து வரைபடங்கள் வந்தால் மட்டும் என் மேசைக்குத் தள்ளிவிடுவாய். அவற்றை நான் கீறி முடித்துவிடுவேன்.

அன்புவழிபுரத்தில் உன் செத்தவீட்டன்று, "அம்மா அப்பாவிட்டப் போயிட்டா" என்று உன் மகளிடம் எல்லோரும் சொன்னார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளருகில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் என் தோளில் சாய்ந்து, அன்றைக்கு முதல்முறையாக அழுதாள்.