சமையல்காரி என்று சொன்ன நாள்

அம்மா,

ஸ்டுட்கார்ட் மண்டபத்தின் ஒப்பனை அறையிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள நம்மவர் யாரோ ஒரு தட்டு ரோல்ஸ் அனுப்பியிருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த மணம். சாப்பிடாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே சுவரொட்டிகளில் தொப்பியும் கிட்டாருமாக நிற்கிறேன், அமெரிக்கக் கிராமியப் பாணியான கன்ட்ரி பாட்டை ஜெர்மன் மொழியில் பாடும் யாழ்ப்பாணத்துப் பெட்டை. பத்திரிகைக்காரர்களுக்கு கெல்சென்கிர்ச்சன் அகதி விடுதிக் கதைதான் வேண்டும். நாலு பேருக்கு ஒரே அறை, தேவாலயத்தில் கொடுத்த பழைய சப்பாத்து, வீதியோரம் கழித்துப்போட்ட சாமான்களில் நீங்கள் கண்டெடுத்த கிட்டார், எல்லாம் சொல்லியிருக்கிறேன். வறுமையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒன்றை மட்டும் சொன்னதே இல்லை.

எனக்குப் பதினைந்து வயது. நகர மண்டபத்தில் என் முதல் பாட்டுப் போட்டி. நீங்கள் விடிய எழும்பி எண்பது ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தீர்கள், கலியாண வீட்டுக்குப் போவதுபோல. "பாட்டுக் கேக்க வாற சனத்தை வெறும் வயித்தோட அனுப்பேலுமே?" என்றீர்கள். தட்டோடு நடுவர்களின் மேசைக்கே போய்விட்டீர்கள். எனக்கு மானம் போனது. "யார் இவர்?" என்று ஒரு நடுவர் என்னிடம் கேட்டார். "சமையல்காரி" என்றேன், ஜெர்மன் மொழியில். உங்களுக்கு விளங்காது என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? உணவக அடுக்களையில் ஆறு வருடம் நின்றவருக்குத் தெரியாத சொல்லா அது.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபச் சமையலறையில் கிடந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, என் பொய்யை உண்மையாக்கினீர்கள். போட்டி முடியும்வரை பரிமாறினீர்கள். நான் வென்றபோது உங்கள் இரண்டு கைகளிலும் தட்டுகள். கைதட்டக்கூட முடியவில்லை. ட்ராமில் வரும்போது, "வடிவாப் பாடினனி பிள்ளை. ரோல்ஸும் ஒண்டும் மிஞ்சேல்லை" என்றீர்கள். அவ்வளவுதான்.

இருபது வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகேதான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தீர்கள். "அண்டைக்கு நீ பயந்து போனனி. பயந்த பிள்ளையை ஆரும் ஏசுவினமே?"

எத்தனையோ மேடைகளில் ஏறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் பயம் வரும். கட்டிலில் நீங்கள் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. இன்றைக்கு முதல் பாட்டுக்கு முன், அந்த நாளை அத்தனை பேருக்கும் சொல்லப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக நீங்கள் ஏசமாட்டீர்கள். அந்தச் சமையல்காரி என் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் பாடுவேன்.