டேங்கின் வயிற்றில் பூத்த பனி

அன்பு மகள் ருய்லியெனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பி ஜுன்ஹூவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் ஹோட்டல் வேலையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் அடுப்புச் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வருஷப் பிறப்புக்கு நீ வரவில்லை என்றதும் உன் அப்பா, சான்யாக் கடற்கரையில ஊர்ப் பணக்காரனுக்கெல்லாம் சாவி எடுத்துக் குடுக்கிறவ நம்ம வீட்டுக் கதவைத் தட்ட மறந்துட்டா என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், ஆனாலும் வருஷம் பிறந்த காலையில் உன் பங்குக் கிண்ணத்தை மேசையில் வைத்து அதில் கொழுக்கட்டை போட்டவரும் அவர்தான். இந்தப் பொதியில் ஒரு ஜாடி வினிகரும் நான் அவித்த இலந்தைப்பழ மாவுருண்டையும் வைத்திருக்கிறேன். அங்கே கிடைக்கிற வினிகரை நாய்கூட நக்காது என்று நீதானே சொன்னாய். இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் இவள் என்று நினைப்பாய். என் போன் வழி காட்டுவதற்காக லாரிக் கண்ணாடியிலேயே மாட்டிக் கிடக்கிறது, நீ என்ன அனுப்பினாலும் உன் அப்பாதான் முதலில் படிப்பார். அதோடு வருஷப் பிறப்பின் இந்தப் பதினைந்து நாளும் தீ, வெடி, சாவு என்று எதையும் வாயால் சொல்லக்கூடாது என்பது உனக்கும் தெரியும். வாயால் சொன்னால்தானே குற்றம், எழுதினால் இல்லையே என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்.

பழைய டீசல் லாரியைக் கொடுத்துவிட்டு கேஸில் ஓடுகிற லாரி வாங்கிய கதை உனக்குத் தெரியும். இப்போது நம் ஊரில் டீசல் லாரியைக் கண்ணால் பார்ப்பதே அரிது, நிலக்கரி ஏற்றுகிற அத்தனை பேரும் மாறிவிட்டார்கள். செலவு குறைவு, புகை இல்லை, குளிர்காலத்தில் டீசல் உறைந்துபோய் டேங்குக்கு அடியில் தீ மூட்டிக் காய்ச்சுகிற பாடும் இல்லை. நான் அதைக் குறை சொல்லவில்லை. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கேபினுக்குள்ளேயே நூடுல்ஸ் வேகவைத்துப் போட்டுக்கொண்டு, தைஹாங் மலையை எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறேன், நல்ல லாரிதான். ஆனால் இதற்கென்று ஒரு சுபாவம் இருக்கிறது. கேஸ் பங்கில் முதல் தடவை நிரப்பப் போனபோது ஒரு படம் போட்டுக் காட்டினார்கள், உன் அப்பா நாற்காலியிலேயே குறட்டை விட்டார், நான் முழுக்கப் பார்த்தேன். டேங்க் என்பது நம் வெந்நீர் ஃபிளாஸ்க் மாதிரிதானாம், இரண்டு சுவர், நடுவில் காற்றே இல்லாத இடம். உள்ளே இருக்கிற வாயுவை அவ்வளவு குளிர வைத்துத்தான் தண்ணீராக்கி வைத்திருக்கிறார்கள், சும்மா நிறுத்தி வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி மறுபடி வாயுவாகி வெளியே வர முட்டும், பிரஷர் ஏறினால் வால்வு தானாகத் திறந்து ஊதிவிடும். வெளியே வந்தது குளிராக இருக்கும்வரை தரையில் தவழுமாம், சூடானதும் கூரைக்கு ஏறுமாம். வீட்டு அடுப்பு கேஸுக்கு நாற்றம் சேர்த்திருப்பார்கள், இதற்கு அதுவும் கிடையாது, மூக்கு நம்மைக் காப்பாற்றாது.

போன மாதம் ஒரு நாள் டேங்கைத் துடைக்கப் போனேன். அதன் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, காயவைத்த சீமைப் பனிச்சைப் பழத்தின் மேல் சர்க்கரை பூக்குமே, அது மாதிரி. உன் அப்பாவிடம் சொன்னதற்கு, மார்கழி மாசத்துக் குளிர்ல உன் மூக்குலயுந்தான் பனி நிக்குது, உன்னையும் ஒர்க்ஷாப்புல விடவா என்றார். நான் மத்தியானம் வரை காத்திருந்தேன். வெயில் ஏறி, மட்கார்டில் இருந்தது, சக்கரத்தில் இருந்தது எல்லாம் உருகிச் சொட்டிவிட்டது, அந்த உள்ளங்கை மட்டும் அப்படியே இருந்தது. ஃபிளாஸ்க் வெளிப்புறம் சுட்டால் அது போய்விட்டது என்று குழந்தைக்கும் தெரியும், இதற்கு வெளிப்புறம் குளிர்ந்தால் அதே அர்த்தம்தானே. நம் சியாவ் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் கேஸ் லாரிதான் ஓட்டுகிறார். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, ரெண்டு சுவருக்கு நடுவுல காத்து புகுந்திருக்கும் தங்கச்சி, பம்பு வெச்சு இழுக்கணும், ஒர்க்ஷாப்புல விட்டா வருஷப் பிறப்புக்கு முன்னாடி கைக்கு வராது என்றார். அதைக் கேட்டதுதான் தாமதம், உன் அப்பா பண்டிகை கழியட்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

அதற்கப்புறம் செய்ததுதான் கூத்து. நம் பக்கத்தில் வருஷம் பிறக்கும்போது அரிசிப் பானை, மாவுப் பானை, தண்ணீர்த் தொட்டி எதுவும் காலியாக இருக்கக்கூடாது இல்லையா. இந்த மனுஷன் பண்டிகைக்கு முதல் நாள் போய் லாரி டேங்கையும் முட்ட முட்ட நிரப்பிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். நாள்கணக்கில் நிற்கப்போகிற வண்டியில் கொஞ்சமாக விட்டுவையுங்கள் என்று படத்திலேயே சொன்னார்களே என்றேன். இந்த வீட்டுக்குச் சோறு போடுறது அந்த டேங்குதான், அது காலியா இருந்தா வருஷம் பூரா நம்ம வயிறும் காலிதான்டி என்றார். அரிசி தானாகப் பொங்கி வெளியே வராதய்யா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் பார்த்தால், லாரிக்கு முன்னால், நாலு பக்கமும் சுவர் வைத்த அந்த முற்றத்தில், நிலக்கரிக் கட்டிகளை அடுக்கி வருஷப் பிறப்புத் தீக்கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறார். எப்போதும் வாசலுக்கு வெளியே, இடுப்பளவுதான் கட்டுவார். இந்த வருஷம் புது லாரி, தீ எவ்வளவு ஓங்குதோ அவ்வளவு செழிப்பு என்று அவர் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிட்டார். லாரியின் இரண்டு கண்ணாடியிலும் சிவப்புத் துணி கட்டியாயிற்று. சியாவ் அண்ணனும் வந்து நின்று, கோபுரம் சாயுது, உன் தலை மாதிரியே இருக்கு என்று கேலி செய்துகொண்டிருந்தார். ஜுன்ஹூ சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

நான் அடுப்படியில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்த பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன். உஸ் என்று ஒரு சத்தம். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், லாரிக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஒன்று இறங்கித் தரையோடு தரையாக வருகிறது, அவசரமே இல்லாமல், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்து வருகிறது. உன் அப்பா அதற்கு முதுகு காட்டிக் குனிந்து, கோபுரத்தின் வாயில் திணித்த வைக்கோலுக்கு நேராக லைட்டரை நீட்டிக்கொண்டிருக்கிறார். பானையைத் துணியோடு தூக்கிக்கொண்டு ஓடினேன், வெந்நீர், கொழுக்கட்டை எல்லாவற்றையும் சேர்த்து அந்த வைக்கோல் மேலேயே கொட்டினேன், கொஞ்சம் அவர் கையிலும் பட்டது. லைட்டர் கீழே விழுந்தது. அவர் என்னை அடிக்கக் கை ஓங்கித் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தார். அது அவர் செருப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜுன்ஹூ வெடியை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டான், சியாவ் அண்ணன் போய் வாசல் கதவை விரியத் திறந்தார். காற்று வந்து அதைக் கலைக்கும்வரை நான் காலிப் பானையைப் பிடித்தபடியே நின்றேன்.

அன்றைக்கு அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் போதும். கொஞ்ச நேரம் கழித்து, வருஷத்தையே தண்ணி ஊத்தி அவிச்சுட்டியேடி என்றார், அவ்வளவுதான். ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் தீ கொழுந்துவிட்டு எரிய, நம் வீட்டில் மட்டும் நனைந்த கரியில் கொழுக்கட்டை ஒட்டிக்கொண்டு கிடந்தது. மறுநாள் வாழ்த்துச் சொல்ல வந்த பெண்கள், சுயெய் வீட்டுல இந்த வருஷம் தீக்குப் பதிலா சூப்பாம்ல என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது, இவர்களிடம் அந்த வார்த்தைகளைச் சொல்ல இது நாளா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் ஆறாம் நாள், முதல் லோடு. ஒர்க்ஷாப் விளக்குத் திருவிழா முடிந்துதான் திறப்பார்கள், அதுவரை லோடு காத்திருக்காது என்கிறார். ஓடுற லாரியில பயம் ஏது, இன்ஜினே குடிச்சுத் தீர்த்துடும் என்கிறார். அதில் பொய் இல்லை, ஓடும்வரை சரிதான். ஆனால் இறக்குமிடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தூசி பறக்கக்கூடாது என்று நிலக்கரிக் கிடங்குக்கெல்லாம் இப்போது கூரையும் சுவரும் போட்டு மூடிவிட்டார்கள், வரிசை அதற்குள்ளேயே நிற்கும், ஒரு லாரியின் மூக்கு இன்னொன்றின் வாலில் இடித்துக்கொண்டு, ராவும் பகலும். அதற்குள் ஒருவன் முட்டை பொரிப்பான், ஒருவன் சிகரெட் பற்றவைப்பான், உன் அப்பாவும் பற்றவைப்பார். கேஸ் கசிந்து மேலே ஏறினால் போக வழியில்லாத கூரை. நான் லாரிச் சாவியை மாவுப் பானைக்குள் புதைத்து வைத்தேன், என்றைக்கும் இல்லாத திருநாளாக அன்றைக்குத்தான் அவர் எனக்கு மாவு பிசைந்து தருகிறேன் என்று வந்து கையை விட்டார். அதற்கப்புறம் சொல்லிவிட்டார், இந்தப் பயணத்துக்கு நீ வர வேணாம், உன் கை ராசியில்லாத கை என்று.

என்னை வேண்டாம் என்று சொன்னதற்கு நான் அழவில்லை. நான் இல்லாவிட்டால் வழியில் திறந்த வெளியாகப் பார்த்து நிறுத்தச் சொல்ல யார் இருக்கிறார்கள், பிரஷர் முள் ஏறுவதை யார் பார்ப்பார்கள், சிகரெட்டைப் பிடுங்கி யார் எறிவார்கள்? அதனால் நானும் ஏறி உட்கார்ந்துவிடப் போகிறேன், முடிந்தால் இறக்கிப் பார்க்கட்டும். ஜுன்ஹூ கூட வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான், உன் அத்தை வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். அங்கே கூரை நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். உன் அப்பா யார் பேச்சையும் கேட்காதவர், உன் பேச்சைக் கேட்பார். பொதி மூன்று நாளில் வந்துவிடுமாம், நாங்கள் இறக்குமிடம் சேர்வதும் அன்றைக்குத்தான், இது கைக்கு வந்த நிமிஷமே அவருக்குப் போன் செய். அம்மா எழுதினாள் என்று சொல்லாதே, கனவு கண்டேன் என்று சொல், அழு, சண்டை போடு, என்ன செய்வாயோ தெரியாது, லாரியை அந்தக் கூரைக்குள் கொண்டுபோகாமல் வெளியே நிறுத்திவிட்டுத் திரும்பச் சொல். லோடு போனால் போகட்டும். அவர் எடுக்காவிட்டால் என் எண்ணில் கூப்பிடு. இரண்டும் எடுக்காவிட்டால் சியாவ் அண்ணனைக் கூப்பிடு, அவர் இந்தத் தடவை எங்களுக்குப் பின்னால் வருகிறார், கொஞ்சம் தள்ளியே வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுச் சாவி ஒன்று இந்தப் பொதியிலேயே வினிகர் ஜாடிக்கு அடியில் இருக்கிறது. உன் தம்பிக்கு வசந்தத்தில் கல்யாணம் என்பதை மறந்துவிடாதே, எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வந்துவிடு. கடல் காற்றில் தலையை நனையவிடாதே, வேளைக்குச் சாப்பிடு. நூறு வயதுக்கு நோய் நொடி அண்டாமல், நல்ல மனிதர்கள் சூழ, நீ நன்றாக இருக்க வேண்டும் மகளே, எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன் தலைமேல்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பாய் சுயெய்

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. நீ போன வருஷம் அனுப்பிய சிவப்பு உதட்டுச் சாயத்தை நான் பூசவே இல்லை என்று கோபித்துக்கொள்வாயே, அதை எடுத்துத்தான் இரண்டாம் நாள் அந்தப் பனியின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தேன், வளர்கிறதா இல்லையா என்று பார்க்க. இந்தப் பொதியைக் கட்டுவதற்கு முன்னால் இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல வெயில். கோட்டைத் தேடினேன், காணவில்லை, விரலால் சுரண்டிப் பார்த்தேன், பனிக்கு அடியில் சிவப்பாக இருந்தது. உடனே போன் செய்.