செமோர் வீட்டுக் கம்பளத்தில் மாட்டிய நகம்

மச்சான்,

மூணு நாளா உங்ககூட பேசாததால எழுதி வைக்கிறேன். மீன்கறி அடுப்புல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க.

நாலு மணிக்கு ஷாஹிஸ்தாவோட உம்மாவும் வாப்பாவும் செமோர்லேர்ந்து வாராங்க, நம்ம மகன் ஹாபிஸுக்குப் பொண்ணு தர்றதைப் பத்திப் பதில் சொல்ல. பலகாரம் வாங்க நான் பாசார் போறேன். விரல் தெரியுற அந்தப் புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு ராஜா மாதிரி வாசல்ல நிக்கணும்னா, முதல்ல கால் நகத்தை வெட்டுங்க. வெள்ளிக்கிழமை நகம் வெட்டுறது சுன்னத்து, நபிவழினு கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் பயான் பண்றீங்களே, கால் அதுல சேராதாக்கும்?

மூணு நாளைக்கு முன்னாடி பொண்ணு கேக்கப் போனப்ப அவங்க வீட்டுல உங்க பெருவிரல் நகம் கம்பளத்துல மாட்டி நூலை உருவினப்ப எனக்கு உசிரே போச்சு. நீங்க என்னடான்னா, "காலை யாரு பாக்குறா லா"ன்னு கார்ல சிரிக்கிறீங்க.

நகவெட்டி டிவி பக்கத்துல இருக்கு. மீன் வெட்டுற கத்தரிக்கோலைத் தொட்டீங்க, அவ்வளவுதான்.

பி.கு: ஷாஹிஸ்தாவோட உம்மா இப்பதான் போன் பண்ணாங்க. சம்மதமாம், அதை நேர்ல சொல்லத்தான் வாராங்களாம். ஆனா உங்க காலைப் பாத்ததுலேர்ந்து அவங்க வீட்டுக்காரரும், "வரப்போற சம்பந்தியே வெட்டல, நான் ஏன் வெட்டணும்?"னு உக்காந்திருக்காராம். அந்தப் பாவப்பட்ட பொம்பளைக்காகவாவது வெட்டித் தொலைங்க.