சாமிகிட்டச் சொன்னது உனக்குக் கேட்டுடுச்சு

கண்ணு சிட்டு, சித்தி எழுதுறேன். இங்க எல்லாரும் அவங்கவங்க காலுல நடமாடிக்கிட்டு இருக்கோம், ஆண்டவன் புண்ணியத்துல நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காத் தூங்கி சுகமா இருக்கணும். உன் அண்ணனுக்கு இடுப்பு வலி இப்பத் தேவல, ஆனா சொன்ன பேச்சுக் கேக்காம ஆபீசுல நாற்காலிய விட்டு எழுந்திரிக்கிறதே இல்லையாம். அண்ணிக்கு வேலையில பெரிய பதவி குடுத்திருக்காங்க, வீட்டுக்கு வரும்போதே பாதித் தூக்கத்துல வர்றா, நான் எதுவும் கேட்டுக்கிறதில்ல. போன் இருக்கும்போது கடுதாசி எதுக்குன்னு நெனப்ப. காரணம் இருக்கு, உன் வழக்கப்படி பாதியில விட்டுடாம முழுசாப் படி.

கீழ்வீட்டுல திருடு போச்சுன்னு சொன்னேன் இல்ல, அதுல பயந்துபோயி உன் அண்ணன் ரெண்டு காரியம் பண்ணான். மாடிப்படி முடியுற எடத்துல இரும்புக் கம்பிக் கதவு போட்டு, காலையில வெளியில பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிடுறான். பாதுகாப்பாம். அதோட நெட்டுக்கும் பழைய பெட்டியக் கழட்டிப் புதுப் பெட்டி மாட்டி, அதுலயும் கண்டவன் உள்ள வரக்கூடாதுன்னு என்னென்னமோ தட்டி வச்சான். அதுலேருந்துதான் வந்துச்சு வினை. நீ நெட்டுல கூப்பிடுவ, மணி அடிக்கும், எடுப்பேன், உன் பக்கம் பேச்சு மூச்சு இருக்காது. அலோ அலோன்னு தொண்ட வறளக் கத்திட்டு, சரி லைன் செத்துடுச்சுன்னு போன அணைக்காம அப்படியே சாமி படத்துக்குப் பக்கத்துலயே சாத்தி வச்சிடுவேன், அங்கதான் சிக்னல் வரும்னு நீதானடி காட்டிக்குடுத்த. எனக்கு மனசுக்குள்ள கும்பிட எப்ப வந்துச்சு, வாய் விட்டுச் சாமிகிட்டக் கொட்டிடுவேன். உன்கிட்டச் சொல்ல முடியாததெல்லாம்தான்.

புதன்கிழமை நெட்டு சரிபண்ற பொண்ணு வந்தா, நல்ல வாய்த்துடுக்கு. பூட்டப் பாத்துட்டு, என்னம்மா, உங்கள உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்களா இல்ல என்னைய வெளிய வச்சுப் பூட்டியிருக்காங்களான்னு கேட்டா. படியிலயே உக்காந்து மடியில கம்ப்யூட்டர வச்சுக்கிட்டா, பெட்டிக்கு அடியில ஒட்டியிருந்த பாஸ்வேர்டு எழுத்த நான் கம்பி வழியாப் படிச்சுச் சொன்னேன். அவ சொன்னத எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன், நீ படிச்சவ, சிரிக்காத. மணி அடிக்கிறது ஒரு வழியாம், பேச்சு வர்றது இன்னொரு வழியாம். நீ கூப்பிட்டதும் உன் போன் கம்பெனி கம்ப்யூட்டர்கிட்டப் போயி சித்தி எங்க இருக்கான்னு கேக்குமாம், என் போன் எப்பவும் அதோட தொடர்பு விடாம இருக்குறதால அது இங்க மணி அடிச்சு விடுமாம். அதோட அது வேலை முடிஞ்சுது. அப்புறம் நாம பேசுறது பொடிப்பொடியா நறுங்கி, ஒவ்வொரு துண்டு மேலயும் விலாசம் எழுதி, வேற பாதையில போகுமாம். போட்டோ, மெயில்னா ஒரு துண்டு தொலைஞ்சாத் திரும்பக் கேட்டு வாங்கிக் காத்திருந்து சேத்துக்குமாம். பேச்சுக்குக் காத்திருக்க நேரம் ஏது, விட்டது விட்டதுதான். நம்ம வீட்டுப் புதுப் பெட்டி உள்ளேருந்து போறத விட்டுடுது, வெளியேருந்து வர்ற பேச்ச மட்டும் நீ யாரு, உன்ன யாரு கூப்பிட்டதுன்னு வாசல்லயே திருப்பி விட்டுடுதாம். எனக்கு நேர் மாறா இருக்கு பாரு, என் குரல் வெளிய போகுது, நான் போக முடியல. நான் உடனே, அப்ப நான் பேசுனது அந்தப் பக்கம் கேட்டிருக்குமான்னு கேட்டேன். அவ போன வாங்கிப் பாத்துட்டு, நல்லாக் கேட்டிருக்கும், உங்க பொண்ணு ஒரு தடவகூட உடனே வைக்கல, அரை மணி, முக்கா மணின்னு லைன்லயே இருந்திருக்கான்னு சொன்னா. நான் திரும்பிச் சாமி படத்தப் பாத்தேன்.

அப்பத்தான் எல்லாம் விளங்குச்சு. வேலைய விட்டுட்டு வந்துடுறேன்னு அண்ணனுக்கு மெசேஜ் போட்டியே, அவளுக்கு என்ன திடீர்னுன்னு அவன் மண்டையப் பிச்சுக்கிட்டுத் திரியுறான். எனக்கில்ல தெரியும். அண்ணி குறட்டையிலேருந்து உன் கல்யாணம் வரைக்கும் சாமிகிட்டச் சொன்னத எல்லாம் கேட்டிருக்க. ஜெயில்லகூடக் காத்தாட விடுவாங்களே, மத்தியானத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேனே, தீப்புடிச்சா எந்த வழியா ஓடுவேன், தெருமுனை வரைக்கும் நடந்து எத்தன நாளாச்சுன்னு அழுததையும் கேட்டிருக்க. சிட்டுவுக்கு மட்டும் தெரியவேணாம்னு வேண்டிக்கிட்டதையும் கேட்டிருக்க. ஏண்டி, பதிலுக்குப் பேச முடியலன்னா வச்சிட வேண்டியதுதான? அம்புட்டு நேரம் என்னதான் பண்ணுன அங்க?

பெட்டிய அந்தப் பொண்ணு சரிபண்ணிட்டா, இப்ப நீ பேசுனாக் கேக்கும். ஆனா உன் குரல் கேட்டதும் நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடுவேன், அது என் வாய்க்குப் பழகிப்போச்சு. அதுக்குத்தான் எழுதுறேன். நீ வராத, அது சும்மா சாமிகிட்டப் பேசுன பேச்சு, பெருசா எடுத்துக்காதன்னு எழுதத்தான் உக்காந்தேன். ரெண்டு தாளக் கிழிச்சுப் போட்டேன், அவர் முன்னால உக்காந்துக்கிட்டு அவர்கிட்டச் சொன்னதப் பொய்யின்னு எழுதக் கை வரல. உன்னப் பெத்தவ என் அக்கா, வளத்தவ நான், அந்த உரிமையில கேக்குறேன். வேலைய விடாத, அது நீ பட்டு வாங்குன வேலை. லீவு போட்டு ஒரு வாரம் வா. அண்ணன் கெட்டவன் இல்ல, பயந்தவன், போன்ல கேட்டாப் பாதுகாப்புன்னு ஒரு மணி நேரம் பேசுவான், எதுக்க உக்காந்து கேட்டா மறுக்கமாட்டான். எனக்கு ஒரு சாவி வேணும்னு கேளு. என் கையில ஒரு சாவி இருந்தாப் போதும், அப்புறம் நான் எங்கயும் போகாம வீட்டுலயே கெடந்தாலும் கெடப்பேன்.

தலைக்கு எண்ணெய் வையி, ராத்திரி வேலைக்குப் போனா தனியாத் திரும்பாத. ஆண்டவன் உனக்கு நெறஞ்ச ஆயுசும் நல்ல துணையும் குடுக்கட்டும். குறட்டை விஷயம் அண்ணிக்குத் தெரியக்கூடாது. இதக் கீழ்வீட்டுத் தையக்காரம்மாகிட்டக் கம்பி வழியாக் குடுத்துத்தான் தபால்ல போடச் சொல்லணும், அவங்க மேல வர்ற சத்தம் கேக்குது.

உன்ன வளத்த
சித்தி